இரண்டு வீட்டுக்கு ஒரு குவியல்

வாழைப்பழத் தோலில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் பிய்த்தெடுக்க மூன்று வினாடிகூட ஆகாது. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினால் போதும், கையோடு வந்துவிடும். இதைச் செய்யத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. செய்ய மனமில்லாதவர்கள்தான் இருக்கிறார்கள். என் தங்கை ரோஸ்விதா அந்த ரகம். நீங்கள் கேட்டது வேறு கேள்வி என்று எனக்குத் தெரியும், அதிகாரி அம்மா. இந்தப் போலீஸ் நிலையத்துக்குள் வந்ததும் உங்களிடம், வால்வை மூடியது நான்தான் என்று சொன்னேன், எப்போது என்று உடனே கேட்டீர்கள். சொல்கிறேன். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஹில்ட்ரூட் ராப். வயது அறுபத்தெட்டு. ஹோல்ட்சிங்கன் ஊராட்சியின் குப்பை பிரிக்கும் முற்றத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். சனிக்கிழமை காலையில் கார் டிக்கியைத் திறந்துகொண்டு வருவார்கள். மக்கும் குப்பைக்குள் பாலிதீன் பையைச் செருகி, மேலே இரண்டு முட்டைக்கோஸ் இலையைப் போட்டு மூடிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தால் பாலிதீன் மக்கிவிடும் என்று நினைப்பு. வாத்தியார், பாதிரியார், பல் டாக்டர், எல்லோருடைய வாளியும் எனக்குத் தெரியும். ஒருவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய அவருடைய வாளியைப் பார்த்தால் போதும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

அப்பா செத்தபோது வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். வெயில் விழுகிற தெற்குப் பாதி ரோஸ்விதாவுக்கு. வடக்குப் பாதி எனக்கு. அவள் குடும்பஸ்தி, நான் தனிக்கட்டை, எனக்கு எதற்கு வெயில் என்று அப்பா நினைத்திருக்கலாம். அவள் புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது, வெயில் மட்டும் அவள் பக்கமே விழுந்துகொண்டிருந்தது. நிலவறை மட்டும் இரண்டு பேருக்கும் பொது. அதன் கதவு என் பக்கத்தில் இருந்தது.

நிலவறையிலிருந்த எண்ணெய்க் கொதிகலன் போன கோடையில் உயிரை விட்டது. நான்தான் குவியலைப் பற்றிச் சொன்னேன். தோட்டத்தில் வெட்டிப் போடுகிற கிளை, வேலிச் செடி, புல், குதிரை லத்தி, அடுப்பங்கரைக் கழிவு எல்லாவற்றையும் மரச்சில்லோடு கலந்து ஆளுயரத்துக்கு மேல் குவிக்க வேண்டும். குவிக்கும்போதே முந்நூறு மீட்டர் தண்ணீர்க் குழாயை உள்ளே சுற்றிச் சுற்றிப் பதிக்க வேண்டும். அது மக்கும்போது தானாகச் சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் ஓடும். எண்ணெயும் வேண்டாம், வாயுவும் வேண்டாம்.

ரோஸ்விதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, ஊர்க்குப்பையெல்லாம் சேத்து வச்சு அதுல குளிர்காயப் போறோமா? வீட்டுக்குள்ள முள்ளங்கி முளைக்காதே?" என்றாள். சிரித்து முடித்துவிட்டு, "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அவளிடம் இது ஒரு வசதி. எதையும் யோசிக்க மாட்டாள், சரி என்று சொல்லிவிட்டு என் தலையில் கட்டிவிடுவாள்.

அக்டோபரில் ஒரே நாளில் கட்டினோம். பன்னிரண்டு பேர் வந்தார்கள். அத்தனை பேருக்கும் நான் பருப்பும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் சமைத்தேன், குழாயையும் நானே சுற்றினேன். மேலே ஒரு மூடி வைத்தேன், தினசரி அடுப்பங்கரைக் கழிவைப் போடுவதற்கு. கட்டிய குவியலைத் திறக்கக் கூடாது என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். என் குவியல் என் பேச்சைக் கேட்டது. பத்தாம் நாள் அறுபத்திரண்டு டிகிரி. அன்றைக்கு அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். எனக்குக் குழந்தை இல்லை. அதனால் இதை வேறு எதனோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் பத்திரிகைக்காரர் வந்தார். ரோஸ்விதா அப்போதுதான் எழுந்து, கலைந்த தலையோடு வெளியே வந்தாள். என் கையிலிருந்த முள்வாரியை வாங்கித் தோளில் சாத்திக்கொண்டு, "அழுக்கு வேலைய நாங்கதான் செய்யணும், வேற யாரு செய்வா?" என்றாள். பத்திரிகைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மறுநாள் மூன்றாம் பக்கத்தில் அவள் படம். பின்னால், குவியலுக்குப் பக்கத்தில், என் தோள்பட்டை. அந்த முள்வாரியை அவள் அதற்கு முன்னும் தொட்டதில்லை, பின்னும் தொட்டதில்லை. பேக்கரியில் எல்லோரும் அவளுக்குக் கை கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

அவளுடைய வாளியைப் பற்றிச் சொல்கிறேன். தினமும் காலையில் என் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். நான் கையுறை போட்டுக்கொண்டு பிரிப்பேன். வாழைத்தோலில் ஸ்டிக்கர். தேயிலைப் பையில் கம்பி. ஆரஞ்சு வலைப்பை. ஒருநாள் சிகரெட் துண்டு. இருபத்தாறு வருஷம் ஊராரிடம் எதைச் சகித்தேனோ, அதுவே என் வாசலுக்கு வந்தது.

"ஏண்டி, ஒரு ஸ்டிக்கர உரிக்க ஒனக்குக் கையி வராதா?" என்று கேட்டேன்.

"ஐயோ அக்கா, அது நகமளவு காயிதம். அவ்ளோ பெரிய குவியலுக்கு அது பட்டாணி மாதிரி. தின்னுட்டுப் போவட்டுமே."

"அது காயிதம் இல்ல, பிளாஸ்டிக்கு. மக்காது."

"சரி, நானும் நீயும் சேந்து மக்குற வரைக்கும் அது பாட்டுக்கு உள்ள கெடக்கட்டும்" என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அறுபத்துமூன்று வயசுக்காரி. எனக்கு அந்த இடம் சாயங்காலம் வரை எரிந்தது.

வாளியையாவது பொறுத்துக்கொண்டேன். ஜன்னலைப் பொறுக்க முடியவில்லை. உங்களுக்கே தெரியும், குளிர்காலத்தில் காலையில் ஐந்து நிமிஷம் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து காற்றை மாற்றிவிட்டு மூட வேண்டும். மேல்பக்கத்தை மட்டும் உள்ளே சாய்த்து, இடுக்கு விட்டு வைக்கக் கூடாது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோம். அவள் தன் படுக்கையறை ஜன்னலைப் பகல் முழுக்கச் சாய்த்தே வைப்பாள். கீழே ரேடியேட்டர் முழுசாகத் திறந்திருக்கும். நான் லத்தி சுமந்து, மண்வெட்டி பிடித்து, இடுப்பொடிந்து உண்டாக்கிய சூடு அந்த இடுக்கு வழியாகத் தெருவுக்குப் போகும். குளிர்ந்த காலையில் அது வெளியேறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அவளுக்கு நுரையீரல் சரியில்லை. நாற்பது வருஷம் சிகரெட் பிடித்த நுரையீரல். ஜன்னலை மூடினால் மூச்சு முட்டுகிறது என்பாள். டாக்டரோ அறையை இருபத்திரண்டு டிகிரிக்குக் கீழே விடக் கூடாது என்று சொல்லியிருந்தார். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் எந்தக் குவியலால் முடியும் என்று நான் கேட்டேன். அவள் இருமிக்கொண்டே சிரித்தாள்.

நவம்பரில் அவள் ஒரு மின்சார ஹீட்டர் வாங்கி வைத்திருந்தாள், சும்மா ஒரு துணைக்கு என்று. என் வீட்டுச் சுவரில் மாவட்டக்காரர்கள் கொடுத்த பலகை தொங்குகிறது, எரிபொருள் இல்லாத வீடு என்று. அதே கூரையின் கீழ் மின்சார ஹீட்டர். அதன் வயர் ஓரிடத்தில் உரிந்திருந்தது. காட்டினேன், பயந்துபோனாள். "நல்லவேளக்கா, நீ பாத்த. நான் கருகியிருப்பேன்" என்றாள். நானே கொண்டுபோய் எங்கள் பழைய முற்றத்தில் மின்பொருள் தொட்டியில் போட்டேன். அந்த இடத்தை உரித்தது நான்தான். உருளைக்கிழங்கு சீவும் கத்தியால். அப்போது என் மனதில் வேறு எண்ணம் எதுவும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். வீட்டின் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

பிப்ரவரியில் குளிர் இறங்கியது. மைனஸ் பதினாலு. அந்தச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து நாற்பது பேர் குவியலைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களில் மூன்று ஊர்க்காரர்கள் இதேபோல் கட்டுவதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள், என்னை மட்டும். நான் ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு நிலவறையில், அவள் பக்கத்துக்குச் சுடுதண்ணீர் போகிற வால்வை மூடினேன். அதற்குச் சற்று முன்னால் தெருவிலிருந்து பார்த்தேன், ஜன்னல் சாய்ந்திருந்தது.

மதியம் அவள் வந்து தட்டினாள். நான் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன், பாதி மட்டும். பின்னால் என் அடுப்பங்கரை இருபத்தோரு டிகிரியில் இருந்தது.

"அக்கா, ரேடியேட்டர் சில்லுனு கெடக்கே. ஒனக்கும் அப்படியா?"

"குவியல் நாப்பத்தொண்ணுக்கு எறங்கிருச்சு" என்று சொன்னேன். "மிஞ்சி எடுத்துட்டோம். இன்னும் எடுத்தா செத்துரும். செத்தா வசந்தம் வரைக்கும் எழுப்ப முடியாது."

இதில் பொய் என்று எதுவும் இல்லை, பொதுவாகச் சொன்னால். உண்டாகிற சூட்டைவிட அதிகமாக எடுத்தால் குவியல் அணைந்துபோகும். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"ஐயோ, சனிக்கிழம ஆளுங்க வராங்களே!" என்றாள். தன்னைப் பற்றி முதலில் கேட்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவளுக்கு எப்போதும் ஒரு பெரிய மனசு இருந்தது, அதை எடுத்து எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்டுவாள்.

"சனிக்கிழம வரைக்கும் ரெண்டு பேரும் பொறுத்துக்கிட்டா தேறிடும். வெளிய மூச்சு விடாத. ஊரு சிரிக்கும்."

"நான் ஏங்கா சொல்லப்போறேன்? ஒன் குவியல், ஒன் மானம்" என்றாள். "ரெண்டு கம்பளிய எடுத்துப் போத்திக்கறேன். சின்னப்புள்ளைல நாம இத விடக் குளுருல தூங்கலயா?"

தோட்டத்துக்குப் போய் ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்திருக்கலாம். குவியலின் பக்கவாட்டில், கண்ணுக்கு நேரே, வட்டமாகப் பெரிய எண்களோடு இருக்கிறது. கதவிலிருந்து முப்பது அடி. நான்கு மாதத்தில் ஒருநாள்கூட அவள் அதைப் பார்த்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையும் பார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு ஐசெலே அம்மாள் அவளை ஜன்னலில் பார்த்திருக்கிறாள், தொப்பியும் கையுறையுமாக. என்ன இது வேஷம் என்று கேட்டிருக்கிறாள். "மெலியற வைத்தியம், வேத்து வடியுது" என்று ரோஸ்விதா சொல்லியிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்தாள். குரல் மெலிந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினாள்.

"அக்கா, ஒன் அடுப்பாங்கரைல ஒரு ரெண்டு மணி நேரம் உக்காந்துக்கட்டுமா? கேக் சுடுறேன்னு அடுப்ப மூட்டிக்க, யாருக்கும் சந்தேகம் வராது."

"இங்கயும் அதே குளுருதாண்டி" என்றேன். "டாக்டரக் கூப்புடட்டுமா?"

இருமித் தீர்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "வேணாம். வந்தா ஏன் வீடு இப்படி இருக்குன்னு கேப்பாரு. நாளைக்குத்தான? ஆமா, ஒன் பேச்ச எழுதிட்டியா? எனக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டேன்."

படித்துக் காட்டினேன். முழுசாகவும், நிறுத்தி நிறுத்தியும். நன்றாக இருக்கிறது என்றாள். நடுவில் ஒரு ஜோக் சேர்க்கச் சொன்னாள். நான் சேர்க்கவில்லை. டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று நான் கேட்டேன், அவள்தான் வேண்டாம் என்றாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை நாற்பது பேர் இல்லை, ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். நான் முப்பத்தைந்து நிமிஷம் பேசினேன். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. குவியலின் மூடியைத் திறந்தபோது நீராவி எழுந்து எல்லோர் கண்ணாடியிலும் படிந்தது. கை தட்டினார்கள். ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, பத்திரிகையில் பார்த்த அந்தத் தமாஷான தங்கை எங்கே என்று கேட்டாள். தூங்குகிறாள் என்றேன். தங்கை வீடும் இதில்தான் சூடாகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி எல்லோரையும் என் வீட்டுக்குள் கூட்டிப்போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வரிசையில் நின்று தொட்டார்கள். சிலர் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார்கள், நல்ல வளர்ப்பு.

நான்கு மணிக்குக் கடைசிக் காரும் போய்விட்டது. நான் நிலவறைக்கு இறங்கினேன். வால்வைத் திறக்கத்தான் இறங்கினேன். கையை அதன்மேல் வைத்தபோது குழாயில் சத்தம் வந்தது. அவள் மேலே ரேடியேட்டரைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து வர முடியவில்லை போலிருக்கிறது, போன் எட்டவில்லை போலிருக்கிறது. மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று. அவ்வளவு பொறுமையாக அவள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

அங்கே ஒரு ஸ்டூல் இருக்கிறது. உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஐம்பத்திரண்டு பேர் நான் பேசியதைக் கேட்டிருந்தார்கள். அந்தப் பேச்சு இன்னும் என் காதில் இருந்தது. வால்வைத் திறந்தால் அவள் எழுந்து வருவாள். இரண்டு நாளில் பேக்கரியில் நின்று, தொப்பியும் கையுறையுமாகக் கிடந்த கதையை அவளுக்கே உரிய மாதிரி சொல்வாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அது மறுபடியும் அவளுடைய கதையாகிவிடும். நான் எத்தனை வருஷமாக அவள்மேல் கோபமாக இருக்கிறேன் என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அவள் பிறந்த நாளிலிருந்து என்று வந்தது.

தட்டல் மூன்றிலிருந்து இரண்டானது. பிறகு ஒன்றானது. ஐந்து இருபதுக்குப் பிறகு வரவில்லை. ஐந்தரைக்கு வால்வைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அறைக்குப் போனேன். இருபத்துமூன்று டிகிரி, அவள் வாழ்நாளில் நான் அவளுக்குக் கொடுத்த மிக நல்ல சூடு. மேல்கோட்டு, தொப்பி, கையுறை எல்லாவற்றையும் கழற்றி, மடித்து, அலமாரியில் வைத்தேன். வெதுவெதுப்பான அறையில் அப்படிப் படுத்திருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். கரண்டியைக் கழுவினேன். பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தேன். நுரையீரல் என்று எழுதிக் கொடுத்தார். ஊரே அடக்கத்துக்கு வந்தது. தேவாலயத்தில் இடம் போதவில்லை.

இத்தோடு முடிந்திருக்கும். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஐசெலே அம்மாள்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், தொப்பி, கையுறைக் கதையைக் கடைத்தெருவில் அவிழ்த்துவிட்டாள். ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. குவியல் அணைந்துபோயிருக்கிறது, பாவம் ஹில்ட்ரூட் வெளியே சொல்லவில்லை, குப்பைச் சூட்டை நம்பியதில் அந்த நல்ல பெண் போய்விட்டாள் என்று. சனிக்கிழமை ஐம்பத்திரண்டு பேர் தொட்டுப் பார்த்த சூட்டைக்கூட, அன்றைக்கு மட்டும் தேறியது என்று சொல்லிவிட்டார்கள். என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். மூன்று ஊர்களும் தீர்மானத்தை ரத்து செய்துவிட்டன. போன திங்கட்கிழமை ஊராட்சியிலிருந்து கடிதம் வந்தது, குவியல் நம்பத்தகாதது, உயிருக்கு ஆபத்தானது, மாத முடிவுக்குள் கலைக்கப்பட வேண்டும் என்று. உயிருக்கு ஆபத்தானது என்று அச்சடித்தே அனுப்பியிருக்கிறார்கள். ஒரு தவறும் செய்யாத ஒன்றைப் பற்றி இப்படி எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? அதனால்தான் இன்று காலை பஸ் பிடித்து உங்களிடம் வந்தேன்.

இதோ என் நோட்டு. காலையும் மாலையும் நானே பார்த்து எழுதியது. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் பாருங்கள். காலை எட்டு மணி, ஐம்பத்தாறு டிகிரி. முந்தைய நாள் ஐம்பத்தாறு. அதற்கு முந்தைய நாள் ஐம்பத்தேழு. குளிர்காலம் முழுக்க ஐம்பத்துமூன்றுக்குக் கீழே அது ஒருநாளும் இறங்கியதில்லை. நாற்பத்தொன்று என்ற எண்ணே இந்த நோட்டில் கிடையாது. ஊராட்சிக்கு நீங்கள் அனுப்புகிற அறிக்கையில் இதைத் தெளிவாக எழுத வேண்டும், அதிகாரி அம்மா. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் குவியல் சோரவில்லை. ஜன்னலைச் சாய்த்தே வைத்திருந்தாலும், இரண்டு வீட்டுக்கும் போதுமான சூடு அதில் இருந்தது.